பேரில்லாப் பிள்ளைகளும் சாண்குட்டைத் தவளையும்

முன்னொரு காலத்திலே, நாள்காட்டி கிழிக்க ஆளே பிறக்காத காலத்திலே, வடக்கே, வடக்கே, இன்னும் வடக்கே போனால் பனிவரை என்று ஒரு நாடு இருந்தது. அங்கே வருஷத்தில் எட்டு மாதம் குளிர். மீதி நாலு மாதம் குளிர் வெளியூர் போயிருக்கும், அவ்வளவுதான். கொதிக்கிற கஞ்சி வாய்க்கு வருவதற்குள் ஆறிப்போகிற ஊர்.

அந்த நாட்டு மலையில் மூன்று ஏரிகள். மேலேரி, நடுவேரி, கீழேரி. மூன்றிலும் ஒரு மீன்கூடக் கிடையாது. அடிவாரத்து ஆற்றிலிருந்து மீன் ஏறி வர முடியாதபடி வழிநெடுக அருவி. மீன் இல்லாத தண்ணீர் தவளைகளுக்கு ராஜபோகம். கரையோரம் முழுக்க முட்டை, முட்டை பொரிந்து தலைப்பிரட்டை, தலைப்பிரட்டை வளர்ந்து தவளை. பனி உருகும் முதல் நாளில் அத்தனை தவளையும் ஒரே மூச்சில் கத்தும் பாருங்கள், காதைப் பொத்திக்கொள்ள இரண்டு கை போதாது.

அந்த நாளுக்காகத்தான் ஊரே காத்திருக்கும். குளிர்காலத்தில் பிறந்த பிள்ளைகளை ஏரிக்கரைக்குத் தூக்கிப் போவார்கள். தவளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது, தாய் தன் பிள்ளையின் பேரை உரக்கச் சொல்வாள். அப்போதுதான் பேர் ஒட்டும். வீட்டுக்குள்ளே வைத்த பேர் ஒட்டாது. மறுநாள் காலையில் வைத்தவளுக்கே மறந்துபோகும். அந்த மண்ணின் மாயம் அப்படி.

அந்த ஊரில் சுனையாள் என்று ஒருத்தி தண்ணீர் சுமந்து பிழைத்தாள். அவள் புருஷன் செங்கோடன் ஆடு மேய்க்கிறவன். சுனையாள் சும்மாட்டை வைத்துத் தலையில் குடத்தை ஏற்றினால், செங்குத்துப் பாறையில் ஏறினாலும் ஒரு சொட்டுச் சிந்த மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, அவள் கழுத்து, அவள் கர்வம்.

ஒருநாள் தெற்கேயிருந்து ஒரு ராஜா விருந்துக்கு வந்தான். ஏரிகளைச் சுற்றிப் பார்த்தான். "மூணு ஏரி வெச்சிருக்கீங்க. மூணுமே காலியா இருக்கே!" என்று சிரித்தான். பனிவரை நாட்டு மன்னன் நெடுமுடியனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. விருந்தாளி போனபிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் காலி, படுக்கப் போனால் காலி, கண்ணை மூடினால் காலி.

மூன்றாம் நாள் அரண்மனை வாசலில் ஒரு மந்திரவாதி வந்து நின்றான். சாம்பல் அங்கி, சாம்பல் தாடி, கையில் ஒரு குடம். குடத்துக்குள் ஆறு மீன்கள், உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு.

"சாமி பேரு?" என்று கேட்டான் வாயிற்காவலன்.

"எனக்கெதுக்கு பேரு?" என்று சொல்லிவிட்டு மந்திரவாதி நேராக உள்ளே போனான். மன்னன் முன்னால் குடத்தை வைத்தான். "மன்னா, இது பொட்டு மீன். ஏரிக்கு ரெண்டு விட்டா போதும். ஒண்ணைப் பிடிச்சுத் தின்னா மறுநாள் ரெண்டாகும். ஆனா மூணு நிபந்தனை இருக்கு."

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றான் மன்னன்.

"ஒரு சொட்டுச் சிந்தாம மலைக்கு ஏத்தணும். அது ஒண்ணு. எந்தக் கை ஏத்துதோ அந்தக் கைதான் இறக்கலாம். வேற யாராலேயும் ஆகாது. அது ரெண்டு."

"இறக்கப் போறது யாரு?" என்று மன்னன் சிரித்தான். "மூணாவது?"

"ஏழாம் வசந்தத்துல வருவேன். உங்க நாட்டுல பேரில்லாதது எது இருந்தாலும் அது எனக்கு."

மன்னன் இன்னும் பெரிதாகச் சிரித்தான். "எங்க நாட்டுல பாறைக்குப் பேரு உண்டு. ஆட்டுக்குட்டிக்குப் பேரு உண்டு. ஏன், இந்த நாற்காலிக்கே பேரு உண்டு. நல்லா வந்து தேடிப் பாருங்க!" என்று கையடித்துக் கொடுத்தான்.

குடத்தை ஏற்ற ஆள் வேண்டுமே? சுனையாளைக் கூப்பிட்டு மூன்று நிபந்தனையையும் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் மன்னனே சும்மாட்டை எடுத்துக் கொடுத்தான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழேரியில் இரண்டு மீன், நடுவேரியில் இரண்டு மீன், மேலேரியில் இரண்டு மீன் விட்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மேலேரிப் பாறையில் ஒரு பெரிய பெண் தவளை உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவள் சட்டை செய்யவில்லை.

முதல் வருஷம் ஊரே மீன் தின்றது. வறுத்துத் தின்றார்கள், சுட்டுத் தின்றார்கள், காயவைத்துத் தின்றார்கள். மந்திரவாதி ஒருவன் வந்து போனதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. பேரில்லாதவனை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

மீன்கள் என்ன தின்றன என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவை தலைப்பிரட்டைகளைத் தின்றன. ஓடி ஒளியத் தெரியாத பிள்ளைகள் அவை. மீன் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. வாயைத் திறந்துகொண்டு எதிரே வந்தாலும் சும்மா வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். தலைப்பிரட்டை தீர்ந்ததும் மீன்கள் தவளைகளையும் விழுங்கின. இரண்டாம் வசந்தத்தில் ஏரிக்கொரு நாலைந்து கிழத் தவளைகள்தான் கத்தின. மூன்றாம் வசந்தத்தில் பனி உருகியது. ஊர் முழுக்கக் கரையில் வந்து நின்றது. ஒன்றுகூடக் கத்தவில்லை. தவளையை நம்பியிருந்த கொக்குகள் வேறு நாட்டுக்குப் போயிருந்தன. கொசுக்கள் மட்டும் வந்தன.

அந்தக் குளிர்காலத்தில்தான் சுனையாளுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. என்ன பேர் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஆனால் தவளை கத்தாமல் சொன்னால் பேர் வீணாகிவிடுமே. அந்தப் பேரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அவளோடு பேரில்லாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் பதினோரு தாய்மார் திரும்பினார்கள்.

பேரில்லாத பிள்ளைக்கு என்ன ஆகும் தெரியுமா? நோய் வராது, நொடி வராது. மெல்ல மெல்ல மறந்துபோகும். பிள்ளைக்கு அல்ல, மற்றவர்களுக்கு.

ஒருநாள் சுனையாள் மேலேரிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். கூடையோடு பிள்ளையைப் பாறையோரம் இறக்கி வைத்தாள். குடத்தை நிரப்பினாள். வீட்டுக்கு வந்தாள். அடுப்பை மூட்டினாள், கஞ்சி காய்ச்சினாள், செங்கோடனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மார்பில் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. 'எதுக்கு இப்படி நனையுது?' என்று அவள் யோசித்தாள். யோசித்து, யோசித்து, திடீரென்று அலறிக்கொண்டு எழுந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் மலை ஏறினாள். கூடை அங்கேயே இருந்தது. பிள்ளையும் இருந்தது. கூடையின் விளிம்பில் அந்தப் பெரிய தவளை உட்கார்ந்து பிள்ளை முகத்தில் கொசு உட்காராமல் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

சுனையாள் பிள்ளையை அள்ளி அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பெற்றவளே மறந்துவிட்டாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அழுது முடிச்சிட்டியா?" என்று கேட்டது தவளை. "குடத்தோட வந்தவ நீதானே?"

"நான்தான்," என்றாள் சுனையாள்.

"ஒரு சொட்டுச் சிந்தாம கொண்டாந்தியே, மகராசி! என் பிள்ளை குட்டி, என் புருஷன்மார், அத்தனையும் உன் மீன் வயித்துல. மிச்சம் இருக்கறது நான் ஒருத்தி. பொம்பளைத் தவளைக்குக் கத்த வராது. அதனாலதான் உங்க ஊரு ஊமையாக் கிடக்கு."

அப்போதுதான் மந்திரவாதி சொன்ன மூன்றாம் நிபந்தனை சுனையாளுக்கு ஞாபகம் வந்தது. ஊருக்கு மறந்திருக்கலாம், சுமந்த கழுத்துக்கு அடியோடு மறக்குமா? ஏழாம் வசந்தத்தில் அவன் வருவான். பேரில்லாததையெல்லாம் கேட்பான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ என்ன பண்ணலாம்?" என்றாள்.

தவளை அவளைச் சாண்குட்டைக்குக் கூட்டிப் போனது. மேலேரிக்கும் மேலே, ஓர் அருவியைத் தாண்டி, சாண் ஆழத்தில் கிடந்த சின்னக் குட்டை அது. அருவி ஏறி மீன் அங்கே வர முடியாது. அந்தத் தண்ணீரில் கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. மீனுக்குப் பயந்து கத்தாமல் ஒளிந்திருந்த கடைசி ஆண் தவளை மீன் வாயில் போகுமுன், இந்த வசந்தத்தில் பெரிய தவளை போட்ட முட்டைகள் பொரிந்தவை.

"இதுங்க வால் உதிர மூணு குளிர்காலம் ஆகும். தொண்டை திறக்க இன்னொண்ணு," என்றது தவளை. "இந்தக் குட்டை மார்கழியில அடிவரைக்கும் உறைஞ்சிடும். இதுங்க பிழைக்கணும்னா ஆழத் தண்ணி வேணும். ஏரிதான் வேணும். ஏரியில உன் மீன் இருக்கே!"

சுனையாள் விரலை மடக்கினாள். இந்தக் குளிர்காலம் ஒன்று. அடுத்து இரண்டு, மூன்று, நாலு. நாலு முடிந்தால் ஏழாம் வசந்தம். ஒருநாள்கூட மிச்சமில்லை.

"மேலேரி உறையறதுக்குள்ள காலி பண்றேன்," என்றாள்.

"ஒருத்தியாவா?"

"ஏத்தினவ நான். இறக்குறவளும் நான்."

செங்கோடன் ஆட்டு மயிரைத் திரித்து வலை பின்னிக் கொடுத்தான். வீசியதும் இழுத்ததும் சுனையாள்தான். தின்னப் பிடித்தால் யாருக்கும் சிக்கும்; இறக்கவென்று வேறு யார் தொட்டாலும் வலை வெறுமனே வந்தது. பிடித்த மீனைக் கொன்றால் இரண்டாகும் என்பதால் உயிரோடு குடத்தில் போட்டுத் தலையில் ஏற்றி, அருவி அருவியாய் இறங்கி, அடிவாரத்து ஆற்றில் விட்டாள். ஒரு நடை, இரண்டு நடை, மூன்று நடை. கால் வெடித்தது, கழுத்து வீங்கியது, தலைமயிர் உதிர்ந்தது. பிள்ளையை முதுகுக் கூடையில் வைத்து, மறந்துவிடக் கூடாதென்று தன் இடுப்பிலிருந்து பிள்ளையின் இடுப்புக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டாள். கயிறு இழுக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, "இருக்கியா கண்ணு?" என்பாள்.

புரட்டாசி முடிந்து கரையோரம் பனி கட்டத் தொடங்கியபோது மேலேரியில் ஒரே ஒரு மீன் மிச்சம் இருந்தது. அது முதல் தாய் மீன். வலைக்குள் வந்ததும் பேசியது.

"என்னை விட்டுடு. என் வயித்துல ஒரு ரத்தினம் இருக்கு. கக்கித் தரேன், ஏழு தலைமுறைக்குக் காணும்."

"என் தலைமுறையே இந்தக் கயித்துல கட்டிக் கிடக்கு," என்றாள் சுனையாள். "ஏத்தினவ நான். இறக்குறவளும் நான்."

அதை ஆற்றில் விட்டுவிட்டு வந்த கையோடு, அதே குடத்தில் சாண்குட்டைத் தலைப்பிரட்டைகளை அள்ளி மேலேரிக்குக் கொண்டுவந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மறுநாள் ஏரி உறைந்தது. பனிக்கு அடியிலே ஆழத்தில் தலைப்பிரட்டைகள் தூங்கப் போயின.

அடுத்த வசந்தத்தில் நடுவேரியில் வலை போட்டாள். ஊர் கொதித்தது. "எங்க மீனை அள்ளிக் கொட்டுறாளே, பைத்தியக்காரி!" என்று மன்னனிடம் ஓடினார்கள். நெடுமுடியன் குதிரையேறி வந்தான்.

"நிறுத்து! என் ஏரியைக் காலி பண்ண நீ யாரு?" என்று கத்தினான்.

சுனையாள் வலையை விடவில்லை. மன்னன் அவள் இடுப்புக் கயிற்றைப் பார்த்தான். அதில் அவள் பிள்ளை மட்டும் இல்லை. அங்கங்கே மறந்து விட்டுவிட்டுப் போன பிள்ளைகளையெல்லாம் அவள் சேர்த்துக் கட்டியிருந்தாள். நாலைந்து பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தன.

"இந்தக் கடைசிப் பிள்ளை யாருது? பட்டுச் சட்டை போட்டிருக்கு?" என்றான் மன்னன்.

"உங்க பிள்ளைதான் மன்னா. மூணு நாளா என் வீட்டுலதான் சாப்பிடுது. அரண்மனையில யாரும் தேடலை."

மன்னன் குதிரையிலிருந்து இறங்கினான். பிள்ளையின் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். தன் மூக்கு, தன் காது. ஆனாலும் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"ஏழாம் வசந்தத்துல அவன் கேட்கப்போறது நாற்காலியை இல்லை மன்னா, இதுகளை," என்றாள் சுனையாள். "அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க. எனக்கு வலை வீசணும்."

அன்றிலிருந்து யாரும் தடுக்கவில்லை. மீனை இறக்கத்தான் முடியாது, மற்ற வேலை செய்யலாமே! ஊரே வழியில் படி வெட்டியது. அவள் காலுக்கு எண்ணெய் தடவியது, வாய்க்குக் கஞ்சி ஊற்றியது. இரண்டு கோடை முழுக்க உழைத்து நடுவேரியைக் காலி செய்தாள். அங்கே இருந்த தாய் மீன் பயமுறுத்தியது.

"இன்னொரு நடை போனா உன் கழுத்து முறியும் பாரு!"

"முறிஞ்சா உன்னைத் தூக்கின அப்புறம் முறியட்டும். ஏத்தினவ நான். இறக்குறவளும் நான்."

கடைசிக் கோடையில் கீழேரி. அங்கேயிருந்த மூன்றாவது தாய் மீன் பயமுறுத்தவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. வலையில் கிடந்து அவளைப் பார்த்து, "நானும் உன்னை மாதிரி ஒரு தாய்தானே?" என்றது.

சுனையாள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "தாய்தான். நீ ஒரு தப்பும் பண்ணலை. பசிச்சது, தின்னே. உன்னை இங்கே கொண்டாந்து விட்டதுதான் தப்பு. அந்தத் தப்பு என்னுது. வா, உன்னை ஆத்துல விடறேன்."

அதைக் குடத்தில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். அதுதான் கடைசி நடை. இறங்கும்போது வழியெல்லாம் அழுதாள். அப்போதும் குடம் சிந்தவில்லை.

ஏழாம் வசந்தம் வந்தது. பனி உருகியது. மேலேரிக் கரையில் ஊர் முழுக்கக் கூடியது. பேரில்லாத பிள்ளைகள் முப்பதுக்கு மேல் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு கயிற்றில் யாராவது பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுனையாளின் மகளுக்கு நாலு வயது நடந்தது.

சாம்பல் அங்கி படபடக்க, தோளில் காலிச் சாக்கோடு மந்திரவாதி வந்தான். "என்ன மன்னா, ஞாபகம் இருக்கா? பேரில்லாதது எல்லாம் எனக்கு." ஒவ்வொரு கயிறாக அவன் தொட்டான். தொட்ட கயிறு அறுந்து விழுந்தது.

ஏரி சத்தமில்லாமல் கிடந்தது. கரைப்பாறைகளில் புதுத் தவளைகள் உட்கார்ந்திருந்தன, பளபளவென்று, சின்னச் சின்னதாக. ஆனால் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கத்துவது எப்படி என்று அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்க மூத்த ஆண் தவளை ஒன்றுகூட மிச்சமில்லையே!

மந்திரவாதி சுனையாளின் கயிற்றையும் தொட்டான். அது அறுந்தது. பிள்ளையின் கையைப் பிடித்தான். சுனையாள் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடமாட்டேன்," என்றாள்.

"இதோட பேரைச் சொல்லு, விட்டுடறேன்," என்று இளித்தான் அவன்.

சொல்ல முடியாதே. சொன்னால் வீணாகிவிடுமே. நாலு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த பேரைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, அவள் பிள்ளையை இழுத்தாள். அவன் அந்தப் பக்கம் இழுத்தான்.

அப்போது ஒரு மழைத்துளி விழுந்தது. சுனையாளின் உச்சந்தலையில், சும்மாடு தேய்த்துத் தேய்த்து வழுக்கையான இடத்தில் விழுந்தது. இன்னொரு துளி ஒரு குட்டித் தவளையின் மூக்கில் விழுந்தது. அது திடுக்கிட்டு, கண்ணை உருட்டி, தொண்டையை உப்பியது.

"க்ர்ர்ர்ர்..."

அதற்கே ஆச்சரியம். மறுபடி ஒரு தடவை கத்திப் பார்த்தது. பக்கத்தில் இருந்தது பதில் சொன்னது. அதற்குப் பக்கத்தில் இருந்தது அதைவிடச் சத்தமாகச் சொன்னது. மேலேரி முழுக்க ஒரே இரைச்சல்! யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாண்குட்டைத் தாய்த் தவளை பாறைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சுனையாள் வாயைத் திறந்தாள். நாலு வருஷத்து மூச்சையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"தூறல்!"

மந்திரவாதியின் கை தீப்பட்டது போல விலகியது. கரை முழுக்கத் தாய்மார்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். "வேம்பன்!" "சாமந்தி!" "மருதி!" மன்னனும் தன் ராணியோடு தொண்டை கிழியக் கத்தினான், "முகிலன்! என் முகிலன்!" பேர் விழ விழ, மறந்திருந்ததெல்லாம் எல்லோருக்கும் திரும்பி வந்தது. எப்போது பல் முளைத்தது, எப்போது நடந்தது, எல்லாம்.

மந்திரவாதி சாக்கைச் சுருட்டிக்கொண்டு நைசாக நழுவப் பார்த்தான். சுனையாள் அவன் அங்கியைப் பிடித்தாள்.

"இருங்க. இங்க பேரில்லாதது இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நீங்கதான்."

"வேண்டாம்மா," என்றான் அவன். அங்கியை அவள் பிடியிலிருந்து உருவப் பார்த்தான்.

தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. சுனையாள் யோசிக்கவே இல்லை. "உனக்குச் சுமையன்னு பேரு!" என்று உரக்கச் சொன்னாள்.

பேர் ஒட்டிக்கொண்டது. சாம்பல் அங்கி உதிர்ந்து தூளாகப் போயிற்று. உள்ளே ஒரு சாதாரண ஆள், தொப்பையும் துண்டுமாக, வெட்கப்பட்டு நின்றான். இனி அவனை யாரும் மறக்க முடியாது, அவனும் யாரிடமிருந்தும் மறைய முடியாது. அன்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் சுமந்தது சுமையன்தான். பாதிக் குடம் சிந்திவிடுவான். ஊர் பொறுத்துக்கொண்டது. மீன் தின்ன ஆசைப்பட்டவர்கள் ஆற்றுக்கு இறங்கிப் போய்த் தின்றுவிட்டு வந்தார்கள். அடுத்த வசந்தத்தில் தவளைகள் நடுவேரிக்கும் கீழேரிக்கும் தாமாகவே குதித்துப் போயின. கொக்குகளும் வந்துவிட்டன. தெற்கத்தி ராஜா மறுபடி விருந்துக்கு வந்தபோது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினான் என்று கேள்வி.

ஆனால் பேர் வைத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லித்தானே கதையை முடிக்க வேண்டும்? நாலு வருஷமாகத் தட்டு வைக்கும்போதெல்லாம் சுனையாள் இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்துத்தான் மூன்றாவது தட்டை எடுப்பாள். அன்றைக்கு இடுப்பில் கயிறு இல்லை. செங்கோடனுக்கு ஒரு தட்டு வைத்தாள், தனக்கு ஒன்று வைத்தாள், கை தானாகவே மூன்றாவதை எடுத்து வைத்தது. வாசலுக்கு வந்து நின்றாள். கண்ணுக்கெட்டிய தூரம் பிள்ளையைக் காணோம். அவளுக்குப் பயமே வரவில்லை.

"தூறல்!" என்று கூப்பிட்டாள்.

எங்கோ ஏரிப் பக்கத்திலிருந்து, அத்தனை தவளைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு, "என்னம்மா?" என்று பதில் வந்தது.